கல்முனைக்கு நான் கொண்டுபோன குவளைகள்

மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வைக்கோல் திணித்து நாற்பது சின்னக் கண்ணாடிக் குவளைகள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ்ஸில் இந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே கிணுகிணு என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னவென்று கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் நான் போதகராக இருந்தேன். இலங்கையில் கல்முனைக் கடற்கரையோரம் முப்பது பேர் கூடும் ஒரு சின்ன சபை. அவர்களுக்கென்று குருவானவர் கிடையாது, உபதேசியார் ஒருவர்தான் ஆராதனை நடத்தி வந்தார். சபைத் தலைமை என்ற பொருளில் இரண்டு நாள் பேசி, ஞாயிறு திருவிருந்தும் நடத்தித் தரும்படி கடிதம் எழுதியிருந்தார்கள். வெறுங்கையோடு போகலாமா? அதுதான் குவளைகள்.

குவளைகளின் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் திருவிருந்தின்போது எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடிப்பதை நிறுத்தி, ஆளுக்கொரு குவளை என்று ஆக்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சுகாதாரத்துக்காக என்று ஆலயத்தில் அறிவித்தவன் நான்தான். உண்மைக் காரணம் எனக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். கீழத் தெருக் குடும்பங்கள் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைக்க மற்றவர்களுக்கு மனசில்லை.

அந்தக் கீழத் தெருவிலிருந்து மாசிலாமணி என்பவர் அந்த வருஷம் சபைக் கமிட்டிக்கு ஓட்டு வாங்கி வந்துவிட்டார். அவருடைய அப்பா தோல் வேலை செய்தவர். இவர் தாலுகா அலுவலகத்தில் பியூன். கமிட்டிக்காரர்கள்தான் திருவிருந்தில் போதகருக்குப் பக்கத்தில் நின்று தட்டு ஏந்த வேண்டும். "அவன் ஏந்தினா நாங்க வர மாட்டோம்" என்று பெரிய வீட்டுக்காரர்கள் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் மாசிலாமணியைக் கூப்பிட்டு, சபைச் சமாதானத்துக்காக நீரே விலகிக்கொள்ளும் என்றேன். அவர் கோபப்படவில்லை. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்பார்கள். "யோசிச்சுச் சொல்லுதேன் ஐயரே. நீங்களும் போயிட்டு வந்து யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இந்தப் பேச்சு நடந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், சபைத் தலைமை பற்றிப் பிரசங்கிக்க நான் கடல் தாண்டி வந்திருந்தேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

கல்முனைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. மருதமுனை. முன்பக்கம் புகை. நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இறங்குங்க, வேற பஸ் வரும்" என்றார்.

"எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"வரக்குள்ள வரும்."

உச்சி வெயில். தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு வீட்டில் மட்டும் தறி ஓயவைத்துப் பந்தல் போட்டிருந்தது. கல்யாண வீடு. வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக ஐம்பது வயசு மனிதர் ஒருவர் அங்கிருந்து எங்களை நோக்கி விறுவிறுவென்று வந்தார். பெண்ணின் பெரியப்பாவாம், காசிம் என்று பெயர். எல்லாரும் காசிம் காக்கா என்றார்கள், காக்கா என்றால் அங்கே அண்ணன்.

"என்ன, வெயிலுக்குள்ள காயிறீங்க? பந்தலுக்க வாங்க. சோத்து நேரம், தின்னுட்டுப் போகலாம்" என்றார். என் வெள்ளை அங்கியைப் பார்த்து, "பாதர், நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் ரிப்பேரான பஸ் நின்றால் ஆட்களை மாவிலைத் தோரணத்துக்கு அடியில் நிற்க விடுவார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

உள்ளே பாய்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒருவர் மூக்குக் கெண்டியும் கழுவிய நீர் ஏந்தப் படிக்கமும் கொண்டுவந்து உட்கார்ந்த இடத்திலேயே கைக்குத் தண்ணீர் விட்டார். பிறகு சோறு வந்தது. பெரிய வட்டத் தாம்பாளம், சஹன் என்கிறார்கள். அதில் குவித்த மஞ்சள் சோறு, நடுவில் இறைச்சிக் கறி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பிரட்டல். ஒரு சஹனைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். நான் உட்கார வேண்டிய சஹனில் ஏற்கனவே நாலு பேர் இருந்தார்கள். ஒருவருடைய முழங்கையில் மீன் செதில் ஒட்டி மினுங்கியது. அவர்தான் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் உட்காராமல் நின்றேன். "தனியா ஒரு தட்டுக் கிடைக்குமா? வயிறு சரியில்லை" என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

காசிம் காக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. "ஓம், அதுக்கென்ன" என்றார். நாற்காலியும் பீங்கான் தட்டும் வந்தன. நான் ஓரமாக உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன், அந்த நாலு பேரும் சஹனில் கையே வைக்கவில்லை. எனக்கு விட்ட இடம் அப்படியே கிடந்தது. ஆள் நிறையாமல் அவர்கள் தொடங்குவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. காசிம் காக்கா வெளியே போய், எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பஸ் ஓட்டுநரைக் கூட்டிவந்து, கை கழுவ வைத்து என் இடத்தில் உட்காரவைத்தார். பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

அதோடு விட்டாரா? தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தனியத் தின்னா சோறு இறங்காது பாதர்" என்றார். உண்மையிலேயே இறங்கவில்லை.

"பெட்டிக்குள்ள என்ன?" என்று கேட்டார்.

"கோயிலுக்குக் குவளை. எல்லாரும் ஒன்றாகத் திருவிருந்து எடுப்பதற்கு. ஆளுக்கு ஒன்று."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆளுக்கொண்டு எண்டா, மறுகா எப்பிடி ஒண்டா குடிக்கிற?" கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வேளையாக அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கல்முனையில் என்னை இறக்கிக்கொண்ட உபதேசியாருக்கு நாற்பது வயதுகூட இராது. சீவரத்தினம் என்று பெயர். உபதேசியார் வேலை ஞாயிற்றுக்கும் மாலை நேரங்களுக்கும்தான். வயிற்றுப்பாட்டுக்குச் சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியாருடைய நெல் ஆலையில் நிறுவைக்காரர். மூட்டைகளைத் தராசில் ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. ஆள் படபடவென்று பேசுவார், சட்டென்று கோபம் வரும். என்னை சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு, எதிரே வந்த மாட்டுவண்டிக்காரரை வழி முழுக்கத் திட்டிக்கொண்டே மிதித்தார். என் மனசில் இருந்த உபதேசியார் உருவம் இதுவல்ல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் இடியப்பமும் சொதியும், கூடவே எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். சும்மா சொல்லக் கூடாது, இப்படி ஒன்றை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. பத்து மணிக்கு ஆலையைப் பார்க்கப் போனேன். நண்பகலானதும் ஜும்மாத் தொழுகைக்காகக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. ஆலைச் சத்தமும் நின்றது. ஹாஜியார் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்து சீவரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

"வெள்ளிக்கிழமை நான் காவல். ஞாயிறு காலையில அவர் மகன் என்ட தராசுல நிப்பார். இதுக்கு ஒருத்தரும் கையெழுத்துப் போடல்ல" என்றார் சீவரத்தினம். நான் பிரசங்கக் குறிப்பு நோட்டில் இதை எழுதிக்கொண்டேன். நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது என்று அற்ப சந்தோஷம் வேறு.

பிற்பகலில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். சூறாவளி அடித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும் தலை போன தென்னைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் பாக்கியநாதன் என்ற மீன்பிடிக்காரரின் குடிசை. சபை அங்கத்தவர். மெலிந்த மனிதர், பேசுவதற்கிடையே இருமினார். ஒரு இருமலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிரித்தார். அவர் மனைவி ராணி, விளிம்பு உடைந்த கோப்பையில் வெறுந்தேநீரும் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார்.

"இதான் எங்கட கோப்பை. வேற இல்ல ஐயா, இரிங்க, குடிங்க" என்றார்.

அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மாசிலாமணி வீட்டை நினைத்தேன். பதினோரு வருஷமாக ஜெபம் பண்ண அங்கே போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி எஸ்தர் கடைக்கு ஓடிப்போய் மூடி திறக்காத சோடா வாங்கி வருவாள். மேல்தெருக்காரர்கள் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நானும் ஒரு தடவைகூட வேண்டாம், தண்ணீர் கொடு என்று சொன்னதில்லை. சோடாவாவது குடிக்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

தேநீரைக் குடித்தேன். உடைந்த விளிம்பு படாத பக்கமாகப் பார்த்து.

அன்று மாலை முதல் கூட்டம். இருபது பேர் வந்திருந்தார்கள். தலைவன் முன்னால் நடக்க வேண்டும், மந்தை பின்னால் வரும் என்று நோட்டைப் பார்த்து முக்கால் மணி நேரம் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதே பேச்சுக்கு ஆமென் போட்டார்கள்.

சனிக்கிழமை மாலை, கூட்டம் முடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ராணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "வடிவா இரிக்கி. என்னத்துக்கு ஐயா இது, பிள்ளையளுக்கு மருந்து பருக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, திருவிருந்துக்கு என்று விளக்கினேன். சிரிப்பு அடங்கியது.

"ஏன், உங்கட கோயில்ல ஆருக்கும் நோயா?" என்று கேட்டார் கமலா. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி அவர். கமலா மிஸ்ஸி என்பார்கள்.

"நோய் என்றில்லை... சுகாதாரத்துக்கு" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கமலா மிஸ்ஸி பாக்கியநாதனைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அதன் பிறகுதான் மிஸ்ஸி சொன்னார். சில வருஷத்துக்கு முன் பாக்கியநாதனுக்குக் காசநோய் கண்டது. சபை பயந்துபோனது. அவர் வந்தால் நாங்கள் வர மாட்டோம் என்று சிலர் சொன்னார்கள், சொன்னவர்களில் தானும் ஒருத்தி என்றார் மிஸ்ஸி. பாக்கியநாதன் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சீவரத்தினம் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்து அவரைக் கூட்டிவந்தார். பாக்கியநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எல்லாரும் குடித்து முடிந்த பிறகு கடைசியாகத்தான் குடிப்பேன்.

"கடைசி ஆளா அவர் இருக்கப்படாதெண்டு சொன்னன். கடைசி நான்" என்றார் சீவரத்தினம். "அண்டைக்கிருந்து அவருக்குப் பின்னால நான் குடிக்கிற. மிச்சத்தை முடிக்கிறதும் நான்தான்."

"இப்ப அவருக்கு நோய் மாறி எவ்வளவு காலம். நான்தான் சளி சோதிச்ச. இருமல் மட்டும் போகல்ல. எண்டாலும் அந்த ஒழுங்கை ஆரும் மாத்தல்ல" என்றார் மிஸ்ஸி.

சீவரத்தினம் கையில் எடுத்திருந்த குவளையைக் கீழே வைத்தார். "நாளைக்குத் திருவிருந்து நடத்திறவர் நீங்க. அப்ப கடைசி உங்கட. ஏலாட்டி சொல்லுங்க ஐயா, நான் குடிப்பன். ஒருத்தரும் குறை நினைக்க மாட்டம்."

என் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லை, நானே குடிக்கிறேன்" என்றேன். குவளைகளை மறுபடியும் வைக்கோலில் புதைத்தேன்.

ஞாயிறு. காலையிலேயே உப்புக் காற்று. தெருவில் பள்ளிவாசலுக்குப் போய் வந்தவர்கள் நின்று சீவரத்தினத்துக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே முப்பத்திரண்டு பேர். அவர்களுடைய பாத்திரம் பழைய வெள்ளிப் பாத்திரம், ஒரு பக்கம் நசுங்கியது. ஒவ்வொருவராக வந்து முழங்கால் போட்டார்கள். ஆசிரியர், தபால்காரர், நகரசபையில் தெருக் கூட்டுகிற இரண்டு குடும்பங்கள், மிஸ்ஸி, ராணி. தெருக் கூட்டுகிறவருக்குப் பின்னால் ஆசிரியர் மனைவி குடித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியாகப் பாக்கியநாதன் வந்தார். இருமலை அடக்கிக்கொண்டு ஒரு வாய் குடித்து, பாத்திரத்தை என்னிடம் நீட்டினார்.

நோய் இல்லை என்று தாதியே சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை, நான் சொல்லாமலே, பாத்திரத்தைத் திருப்பியது. அவர் வாய் வைத்த பக்கத்தை அப்பால் தள்ளி, மறுபக்கத்தில் குடித்தேன். குடித்து முடித்து நிமிர்ந்தபோது பாக்கியநாதன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவர் எனக்காக வெட்கப்பட்டார் என்று எனக்குப் பட்டது. இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் நான் அவ்வளவு சின்னவனாக நின்றதில்லை.

திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்குச் சீவரத்தினம் வந்தார். பாக்கியநாதன் கொடுத்துவிட்டதாக ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை என் பையில் திணித்தார். குவளைப் பெட்டியைக் கமலா மிஸ்ஸி ஆஸ்பத்திரிக்குக் கேட்டு ஏற்கனவே வாங்கிக்கொண்டார். மருந்து அளந்து கொடுக்க உதவுமாம். ராணி சொன்னதுதான் கடைசியில் நடந்தது.

"சீவரத்தினம், நேற்று நான் பாத்திரத்தைத் திருப்பினேன்" என்றேன்.

"கண்டன்" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "முதல் வருசம் முழுக்க நானும் திருப்பித்தான் குடிச்ச ஐயா. பாக்கியண்ணன் கண்டும் காணாத மாதிரி நிண்டவர். இதை நான் ஆருக்கும் கதைச்சதில்ல." பிறகு, வழிமறித்து நின்ற ஒரு மாட்டுவண்டிக்காரரைத் திட்டப் போய்விட்டார்.

ஊர் வந்து சேர்ந்த அன்று மாலையே கீழத் தெருவுக்குப் போனேன். மாசிலாமணி வாசலில் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டைப் போர்த்திக்கொண்டார். எஸ்தர் வழக்கம்போல் கடைக்குப் புறப்பட்டாள்.

"சோடா வேண்டாம்மா. தண்ணி கொடு" என்றேன்.

அவள் அப்படியே நின்று கணவனைப் பார்த்தாள். மாசிலாமணி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் ஐயரே, எங்க வீட்டுத் தண்ணிய நீங்க குடிச்சிட்டா என்னை விலகச் சொன்னது சரியாப் போயிருமா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. இதற்குத்தான் வந்தேனா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாகப் போய்விட்டது. "நீர் விலக வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். வார ஞாயித்துக்கிழமை குவளை கிடையாது. பழைய பாத்திரம்தான். என் பக்கத்தில் நீர் நிற்பீர்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை நடக்கட்டும். பிறகு தண்ணி தாரேன்" என்றார் மாசிலாமணி. அன்று அந்த வீட்டில் எனக்குத் தண்ணீரும் இல்லை, சோடாவும் இல்லை. திரும்பி நடந்தேன்.

ஞாயிறன்று பழைய பாத்திரத்தைப் பீடத்தில் கண்டதுமே முன்வரிசை எழுந்து போனது. பெரிய வீட்டுக்காரர்கள், அவர்களைப் பார்த்து அவர்களுக்கு வேண்டியவர்கள். செருப்புச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு பாத்திரத்தை எடுத்து முதலில் மாசிலாமணியிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்து என்னிடம் தந்தார். அவர் தந்தது தந்தபடியே, திருப்பாமல் வாயில் வைத்தேன். எங்களுக்குப் பின்னால் கீழத் தெருக் குடும்பங்கள் வந்தன. மேல்தெருவிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். ஏழே பேர்.

மே மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சேகரம். காரணம் எழுதவில்லை, எழுதவும் வேண்டியதில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர் என்ன செய்வாரோ என்ற கவலை மட்டும் இருந்தது. மாசிலாமணி கமிட்டியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்கவில்லை. அவரை எழுதிக் கொடுக்க வைக்கவும் யாராலும் முடியவில்லை.

புறப்படுகிற அன்று காலை அவர் வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போனேன். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், புழுக்கமான புழுக்கம். எஸ்தர் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "உக்காருங்க ஐயா" என்று சொல்லி, பானையில் மொண்டு, தான் குடித்துக்கொண்டிருந்த அதே டம்ளரில் எனக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். கழுவ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அன்று அந்த வீட்டிலிருந்து யாரும் சோடாக் கடைக்கு ஓடவில்லை.